ஹோ மழைக்காட்டில் இராத்தங்கல்

மழைக்காடு என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அமேசான் ஆற்றையும், காங்கோ நாட்டையும், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சரிவுகளையுமே நினைத்தல் நமக்கு இயல்பு. பூகோள பாடத்தில் யானும் அவ்வாறே கற்றேன். வெப்பமும் மழையும் ஒருங்கு சேர்ந்தாலன்றி அத்தகைய காடு உண்டாகாதென்றே பல்லாண்டு கருதியிருந்தேன். ஆயினும், பனிமூடிய மலையின் அடிவாரத்திலே, கோடையிலும் இரவில் கம்பளி வேண்டப்படும் குளிர் நாட்டிலே, வானளாவிய முதுமரங்களும், அவற்றின் கிளைதோறும் திரைபோல் தொங்கும் பசும்பாசியுமாக ஒரு மழைக்காடு உளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாகாணத்து ஒலிம்பிக் தீபகற்பத்திலே, ஹோ என்னும் ஆறு ஓடும் பள்ளத்தாக்கே அஃது. அங்கே வீடும் விடுதியும் விளக்கும் இன்றி, முதுகிற் சுமந்து சென்ற பொருள்களை மாத்திரம் கொண்டு இரவு தங்குதல் எங்ஙனம் என்பதும், அதன்பொருட்டு அக்காட்டின் இயல்பிற் சிலவற்றை முன்னரே அறிய வேண்டுவது ஏன் என்பதும் இக்கட்டுரையின் பொருளாகும்.

முதலாவது மழையைப்பற்றிச் சொல்லுதல் வேண்டும்; ஏனெனில் அங்கே மற்றெல்லாம் மழையின் வழிப்பட்டனவே. பசிபிக் மாகடலினின்று நீராவி சுமந்து வரும் மேல்காற்று, கரையை அடைந்த சிறிது தூரத்திலேயே ஒலிம்பிக் மலைகளால் தடுக்கப்பட்டு மேலெழும்பிக் குளிர்ந்து, தான் சுமந்ததையெல்லாம் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகின்றது. ஹோ பள்ளத்தாக்கில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 140 அங்குலம் மழை பெய்யும். அம்மலைகளைக் கடந்து வடகிழக்கே சென்றால் ஸீக்விம் என்றோர் ஊர் உளது. அங்கே ஆண்டுமழை 16 அங்குல அளவினதே. வால்பாறையில் தென்மேற்குப் பருவமழை பொழியும் நாளில் கோயம்புத்தூர் வறண்டிருத்தலைக் கண்டவர்க்கு இதன் காரணம் விளக்க வேண்டுவதில்லை. ஆனால் நம் நாட்டுக்கும் அதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. அங்கே பெருமழைக் காலம் குளிர்காலமே. நவம்பர் முதல் ஜனவரி ஈறாக உள்ள மாதங்களிலே மழை மிகுதி. ஜூலையும் ஆகஸ்டும் ஓரளவு வறண்ட மாதங்கள். பிரயாணிகள் பெரும்பாலும் அக்காலத்தையே நாடுவர். அப்போதும் மழை இல்லையென்று நம்பிச் செல்லலாகாது.

அக்காட்டின் பெருமரங்கள் ஸிட்கா ஸ்ப்ரூஸும் மேற்கத்திய ஹெம்லக்கும் ஆம். செஞ்சீடரும் டக்ளஸ் பிர் மரமும் இடையிடையே நிற்கும். ஸ்ப்ரூஸ் மரங்கள் 200 அடியும் அதற்கு மேலும் ஓங்குவன. பல நூற்றாண்டு வயதுடையன. நிற்கும் மரத்தைக் காட்டிலும் எனக்கு வியப்பளித்தது விழுந்த மரமே. அங்கே தரையெல்லாம் பாசியும் பெரணியும் அடர்ந்து கிடத்தலின், மேலிருந்து விழும் சிறு விதைகள் மண்ணிற் படிந்து முளைக்க இடம் பெறுவதில்லை. வீழ்ந்து கிடக்கும் பெருமரத்தின் மேற்புறமோ சற்று உயர்ந்தும், ஈரம் தங்கியும், மென்மையுற்றும் இருத்தலின், ஆயிரக்கணக்கான கன்றுகள் அதன்மேல் முளைக்கின்றன. அவற்றுட் பெரும்பாலன மாய, எஞ்சிய சில தம் வேர்களை அம்மரத்தின் இருபுறமும் இறக்கி நிலத்தை எட்டுகின்றன. நூற்றாண்டுகள் கழிய, கீழ்க்கிடந்த மரம் முற்றும் மக்கி மண்ணாகிவிடும். அப்போது புதுமரங்கள் கோயில் மண்டபத்துத் தூண்கள்போல் நேர்வரிசையில் நிற்பதையும், அவற்றின் வேர்களின் கீழ் ஒரு மனிதன் குனிந்து புகத்தக்க வெற்றிடம் இருப்பதையும் காணலாம். அவ்வெற்றிடமே முன்பு தாய்மரம் கிடந்த இடம். அங்குள்ளார் அதனைச் செவிலி மரம் எனப் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். இதனை அறிந்தார், விறகுக்காக அத்தகைய மரத்தைக் கோடரியால் தொடமாட்டார். பட்டதும் பாழ்பட்டதுமாகத் தோன்றும் அம்மரம் அக்காட்டின் நாற்றங்கால் அன்றோ!

பெரிய இலை மேப்பிள் என்னும் மரத்தில் வேறோர் அதிசயம் உண்டு. அதன் கிளைகளிற் படர்ந்த பாசியும் பெரணியும் நாளடைவில் மக்கி, கிளையின் மேலேயே மண்ணாகின்றன. அம்மண்ணின் சத்தை உண்ணுதற்கு அம்மரம் தன் கிளையினின்றே வேர்விட்டு, அந்தரத்தில் பயிர் செய்கின்றது! நளினி நட்கர்னி என்னும் ஆராய்ச்சியாளர் ஹோ காட்டு மரங்களில் கயிற்றின் உதவியால் ஏறி இவ்வேர்களை ஆராய்ந்து, 1981 ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். அவ்வம்மையாரின் தந்தை இந்தியாவினின்று அந்நாட்டில் குடியேறியவர் என்பது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி தருவதாகும். இச்செய்தி இரவு தங்குவார்க்கும் பயன்படும். நீர் குடித்த பாசி மிகக் கனமுடையது. அப்பாரம் தாங்காது காற்றில்லாத இரவிலும் கிளை முறிந்து விழுதல் உண்டு. கூடாரம் அமைக்கும் முன் நிலத்தை நோக்குவதற்கு முன்னரே வானத்தை நோக்குக என்று அங்குள்ளோர் கற்பிப்பது இதுபற்றியே.

இவ்வளவு பெருமரங்கள் கோடரிக்குத் தப்பி நின்றது தற்செயல் அன்று. அதற்குக் காரணமாய் நின்றது ஒரு மான். எல்க் என்னும் அப்பெருமான் கூட்டம் கூட்டமாக அப்பள்ளத்தாக்கில் மேய்வது. அதன் பல்லைச் சங்கிலியிற் கோத்து அணியும் வழக்கத்தால் அதனைக் கொன்று பல்லை மாத்திரம் பறித்து உடலை விட்டுச்செல்வார் மிகுந்தனர். அவ்வினம் அற்றுப்போகும் என்று அஞ்சி, 1909 ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அம்மலைநாட்டைப் பாதுகாப்புக்குரிய இடமாக்கினார். அவ்வினத்துக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகின்றது. 1915 ஆம் ஆண்டில் தலைவர் வில்ஸன் அதன் பரப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார். முதல் உலகப் போரில் ஆகாய விமானங்கள் செய்தற்கு ஸ்ப்ரூஸ் மரம் பெரிதும் வேண்டப்பட்டது. இலேசாயிருந்தும் உறுதியுடையதாதலின் அதற்கு ஒப்பில்லை. அதனை வெட்டுதற்கென்றே அமெரிக்கப் படையில் ஒரு பிரிவு ஏற்பட்டு, அத்தீபகற்பத்தில் இருப்புப்பாதையும் இட்டது. பாதை முடிதற்குள் போர் முடிந்தது. பின்னர் 1938 ஆம் ஆண்டில் அவ்விடம் தேசியப் பூங்காவாயிற்று. 1988 இல் அதன் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு, சாலையும் கட்டடமும் புகாத வனம் என்று சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. இவர்கட்கெல்லாம் நெடுங்காலம் முன்னரே அவ்வாற்றங்கரையில் வாழ்ந்த ஹோ மக்கள், சீடர் மரத்தின் பட்டையை உரித்து ஆடை நெய்தும், அடிமரத்தைக் குடைந்து ஓடம் செய்தும் வாழ்ந்தவர். ஆற்றின் முகத்துவாரத்தில் 1893 இல் அவர்க்கென ஒதுக்கப்பட்ட சிறு நிலத்தில் அவர் வழித்தோன்றல்கள் இன்றும் உள்ளனர்.

இனி, தங்கும் முறையைக் கூறுவேன். சாலை முடியும் இடத்தினின்று ஆற்றை ஒட்டி ஒரு நடைபாதை மலைமேற் செல்கின்றது. பனியாற்றின் ஓரத்திலுள்ள கடைசித் தங்குமிடம் 17 மைலுக்கு அப்பால் உளது. முதற் பன்னிரண்டு மைலளவும் ஏற்றம் அதிகமில்லை. இடையிடையே தங்குமிடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. தங்குமிடம் என்றால் கூரையிட்டதென்று மயங்கற்க. மரங்களிடையே சிறிது சமநிலம், சில கற்கள் சூழ்ந்த அடுப்பிடம், சிலவிடத்து மறைவான ஒரு கழிப்பிடம், அவ்வளவே. முன்னரே அநுமதிச் சீட்டுப் பெறாமல் எவரும் தங்கலாகாது.

இடம் தேர்தலில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. தலைக்கு மேல் பட்ட கிளை இருத்தலாகாது என்பது முன்னரே கூறப்பட்டது. குழிந்த நிலம் எவ்வளவு மெத்தென்றிருப்பினும் விலக்கத்தக்கது. நள்ளிரவில் அது குளமாகும். ஆற்றோரத்துக் கூழாங்கல் திட்டோ நல்ல இடம். பாசி மிதிபடாது, காற்றும் உலாவும். ஆயினும் பனியாற்றில் பிறக்கும் அந்நதி வெயில் ஏறுந்தோறும் பனி உருகிப் பெருகும் இயல்பினது. பெருமழை பெய்யின் சொல்ல வேண்டுவதில்லை. 2024 டிசம்பரில் அவ்வாறு பெருகி, காட்டிற்குச் செல்லும் சாலையையே அறுத்துக்கொண்டு போயிற்று. 2025 மே மாதத்தில்தான் வழி திறக்கப்பட்டது. ஆகவே ஆற்றுமட்டத்தினும் நன்கு உயர்ந்த திட்டையே நாடுக.

மழை பெய்துகொண்டிருக்கும்போது கூடாரம் அடித்தற்கு ஒரு முறை உண்டு. முதுகுப்பையின் மேற்புறத்தில் தார்ப்பாயும் கயிறும் இருத்தல் வேண்டும். அத்தார்ப்பாயை இரு மரங்களுக்கிடையே கட்டிய பின்னரே பையின் வாயைத் திறக்கலாம். அதன் கீழ்க் கூடாரத்தை விரித்து நிறுத்துக. கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டுதல் பழைய சாரணர் நூல்களிற் சொல்லப்பட்டதாயினும் இப்போது தகாதென விலக்கப்பட்டது. ஒரு வாய்க்காலின் வடு அந்நிலத்தில் பல்லாண்டு நிற்கும். காற்றுப்புகும் வழிகளை அடைத்தலும் கூடாது. குளிருக்கு அஞ்சி அடைத்தவர், தம் மூச்சின் ஈரமே கூரையிற் படிந்து சொட்டக் கண்டு, வெளியே பெய்யும் மழைதான் உள்ளே வந்ததென்று கூடாரம் செய்தவனைப் பழிப்பர்.

ஆற்றுநீர் பால்போல் வெளுத்திருக்கும். மலைப்பாறையைப் பனியாறு அரைத்த மாவே அது. நீர் வடிகட்டும் கருவியை அம்மாவு விரைவில் அடைத்துவிடும். ஆதலின் பக்கத்துச் சிற்றோடைகளில் முகத்தல் நன்று, இல்லையேல் பாத்திரத்தில் நெடுநேரம் தெளியவைத்து மேல்நீரை எடுத்தல் வேண்டும். எவ்வாறாயினும் கொதிக்க வைத்தே பருகுக. கண்ணாடிபோல் தெளிந்த ஓடையிலும் விலங்குகளின் மலத்தால் வயிற்றுப்போக்கு நோயின் கிருமிகள் உண்டு. உணவையும், சோப்பு முதலிய மணமுடைய பொருள்களையும் கூடாரத்துள் வைத்தல் ஒருபோதும் ஆகாது. அங்கே கருங்கரடிகள் உண்டு. அவை தாமாக மனிதரை நாடுவன அல்ல. ஆயின் ஒருமுறை மனிதர் உணவைச் சுவைத்த கரடி மீண்டும் மீண்டும் வரும், முடிவில் அதுவே கொல்லப்படும். கரடியால் திறக்கலாகாத பேழையில் அடைத்தோ, பத்துப் பன்னிரண்டடி உயரத்தில் மரத்துக்கு விலகித் தொங்கவிட்டோ உணவைக் காக்க வேண்டும். மலங்கழித்தற்குக் கழிப்பிடம் இல்லாதவிடத்து, நீரினின்று 200 அடி அகன்று, ஆறு முதல் எட்டு அங்குல ஆழம் குழிதோண்டி மூடுக.

நெருப்பைப்பற்றி நம்மவர் பெரிதும் நம்பிக்கை கொள்வர். காட்டில் விறகுக்குப் பஞ்சமா என்பர். அக்காட்டில் விறகு மலைபோல் கிடக்கும், எரிவதுதான் இல்லை. 3,500 அடிக்கு மேல் நெருப்பிடுதல் முற்றும் விலக்கப்பட்டது; கீழேயும் உள்ள அடுப்பிடத்தில், விழுந்துகிடக்கும் சிறு சுள்ளிகளைக் கொண்டே எரிக்கலாம்; கோடை வறட்சியில் அதுவும் தடுக்கப்படும். சுள்ளியின் மேற்புறம் நனைந்திருப்பினும் கத்தியாற் பிளந்தால் உட்புறம் உலர்ந்திருத்தல் உண்டு. அதனைச் சீவிச் சீவிப் பொடியாக்கிப் பற்றவைத்தல் வேண்டும். இது பழகினவர்க்கே கைகூடும். கையடக்கமான ஸ்டவ் ஒன்று கொண்டு செல்பவனே உண்பான் என்பது என் கருத்து.

இவை யாவும் அசௌகரியங்களே. உயிரைப் பறிப்பது வேறொன்று. கரடியன்று, மலைச்சிங்கமும் அன்று, நனைதலே அது. உறைபனியிற் செல்பவன் குளிரை எதிர்பார்த்துச் செல்கின்றான். மழையோ உறைநிலைக்கு மிக மேலான, நம் உதகமண்டலத்துக் குளிர்கால மாலையை ஒத்த குளிரிலேயே ஆளை வீழ்த்தும். காற்றைக் காட்டிலும் நீர் உடலின் சூட்டை இருபது மடங்குக்கு மேல் விரைவாகக் கடத்திவிடும். பருத்தித் துணி நனைந்தால் உடலோடு ஒட்டிச் சூட்டை உறிஞ்சும்; கம்பளியோ நனைந்தும் ஓரளவு சூட்டைக் காக்கும். பருத்தி கொல்லும் என்பது அந்நாட்டு மலைநடையாளரிடை வழங்கும் ஒரு மொழி. பருத்தி விளையும் நாட்டிற் பிறந்த எனக்கு அது நன்றிகெட்ட மொழியாகவே முதலில் பட்டது.

சில ஆண்டுகட்கு முன் செப்டம்பர் மாதத்தில் நாங்கள் மூவர் அப்பாதையிற் சென்றோம். ஒன்பதாவது மைலில் உள்ள தங்குமிடத்தை மாலை ஐந்து மணிக்கு அடைந்தோம். நண்பகல் முதல் தூறல் விடவில்லை. எங்களுள் இளையவர் ஒருவர், நடக்கையில் வியர்க்கின்றதென்று மழைச்சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துப் பருத்திச் சட்டையோடே நடந்தார். யான் ஒருமுறை சொன்னேன், அவர் சிரித்தார், யான் வற்புறுத்தாது விட்டேன். அது என் பிழை. தங்குமிடத்தில் அவர் நடுங்கினார். கயிற்றை மரத்திற் கட்டச் சொன்னபோது முடிச்சிட விரல் இணங்கவில்லை. பின்னர்ச் சிறிய செய்திக்கெல்லாம் சினந்து பேசினார், சொற்கள் குழறின. சிறிது நேரத்தில் ஒரு மரவேரின்மேல் அமர்ந்து, தமக்கு இப்போது குளிரவில்லையென்றும், சிறிது உறங்கினால் போதுமென்றும் அமைதியாகக் கூறினார். நடுக்கமும் நின்றிருந்தது. நடுக்கம் நின்றதைக் கண்டு யான் ஒரு கணம் ஆறுதல் அடைந்தேன். என் மற்றைத் தோழர் வைத்திய அறிவுடையவராதலின் உடனே கலங்கி எழுந்தார்.

உடலின் உட்சூடு 35 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழ் இறங்கின் அபாயம் தொடங்கும். முதலில் நடுக்கம் மிகும். அஃது உடல் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் முயற்சி. கை தடுமாறும், நடை தள்ளாடும், நாக் குழறும், அறிவு மயங்கும். நனைந்த நிலையிலேயே நடுக்கம் ஓய்ந்ததாயின் அது நலம் அன்று. உடல் முயற்சியைக் கைவிட்டதென்று பொருள். அப்போது நோயாளி தன் நிலையைத் தானே உணரான். உடனிருப்பவனே உணர வேண்டும். இதனாலேயே தனித்துச் செல்லுதல் தகாதென்பர்.

நாங்கள் செய்தது இது. கூடாரத்துள் அவரைக் கிடத்தி, நனைந்த உடை முழுதும் களைந்து, உடலைத் தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, உலர்ந்த கம்பளியாடை உடுத்தி, இரண்டு உறக்கப் பைகளை ஒன்றனுள் ஒன்றாக வைத்து அதனுள் புகுத்தினோம். தரையின் குளிர் ஏறாதபடி கீழே எங்கள் பாய்கள் எல்லாவற்றையும் இட்டோம். ஸ்டவ்வில் நீர் கொதிக்க வைத்து, குப்பிகளில் அடைத்துத் துணி சுற்றி அவர் மார்பின் இருபுறமும் அக்குளிலும் வைத்தோம். விழுங்கும் தெளிவு வந்த பின்னர்ச் சர்க்கரை மிகுத்த வெந்நீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். மதுபானம் கொடுத்தால் சூடு பிறக்கும் என்பது தவறான எண்ணம். அது தோலின் குழாய்களை விரித்து உட்சூட்டை வெளியேற்றிவிடும். கால்மணி நேரம் யாதொரு மாறுதலும் இல்லை. பின்பு அவர் மீண்டும் நடுங்கத் தொடங்கினார். அந்நடுக்கத்தைக் கண்டு அழுதவன் யான். ஏழரை மணிக்கு அவர் தம் பெயரையும் நாளையும் பிழையின்றிக் கூறி, பசிக்கின்றதென்றார்.

அவ்விரவு யான் உறங்கவில்லை. உறக்கப் பை இல்லாத எனக்கு அதற்கு வழியும் இல்லை. இருந்த ஆடைகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து உட்கார்ந்திருந்தேன். அக்காட்டின் இருளுக்கு நம் ஊர் அமாவாசை ஒப்பாகாது. முகத்துக்கு நேரே பிடித்த கை தெரியவில்லை. மழை நின்ற பின்னரும் மரங்கள் நெடுநேரம் பெய்துகொண்டிருந்தன. அப்பாதையின் மூன்றாவது மைலுக்குச் சற்று அப்பால், 2005 ஏப்ரல் 22 இல், கார்டன் ஹெம்ப்டன் என்னும் ஒலியாராய்ச்சியாளர் பாசிபடர்ந்த ஒரு மரத்தின்மேல் சிறு சிவந்த கல்லொன்றை வைத்து, அவ்வோர் அங்குல இடத்தையேனும் மனிதர் எழுப்பும் ஓசையினின்று காப்போமென முயன்றார். பகலில் அவ்விடத்தைக் கடந்தபோது அதனை ஒரு விநோதமென்றே எண்ணினேன். இரவில், நீர் சொட்டும் ஓசையினிடையே நண்பரின் மூச்சு ஒழுங்காக வருகின்றதா என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, ஒரு மனிதனுடைய மூச்சு அவ்வளவு தெளிவாகக் கேட்கத்தக்க இடம் உலகில் எத்தனை உள்ளன என்று நினைத்தேன்.

விடியற்காலையில் கூடாரத்தின் வாயிலில் என் செருப்பின்மேல் ஒரு சாண் நீளமுள்ள மஞ்சள் நிற ஓடில்லா நத்தை கிடந்தது. வாழைப்பழ நத்தை என்றே அதற்குப் பெயர். மக்கிய இலையைத் தின்று மண்ணாக்கும் தொழிலினது. அதனை இலையோடு எடுத்து அப்பால் விட்டேன். மேலே செல்லும் எண்ணத்தை விட்டு மூவரும் திரும்பினோம். மழைச்சட்டையைக் கழற்றாமல் நடந்த இளைஞர் வழியில் ஓரிடத்தில் நின்று கைகாட்டினார். ஆற்றின் மறுகரையில் எல்க் மான்கள் பத்துப் பன்னிரண்டு, மேய்வதை நிறுத்தி எங்களை நோக்கின. அவை பெரணியையும் இளங்கன்றையும் ஓயாது மேய்தலாலேயே அக்காட்டின் கீழ்நிலம் நடமாடத்தக்கபடி திறந்து கிடக்கின்றது.

நனைந்த கூடாரம் கொண்டுசென்றபோது இருந்ததினும் மிகக் கனத்தது. அதனை வீடு சேர்ந்த அன்றே விரித்து உலர்த்துதல் வேண்டும்; சுருட்டி வைத்தால் சில நாளில் பூசணம் பிடித்துத் துணி கெடும். எங்களுடையது உலர மூன்று நாளாயிற்று. மடிப்புக்களை உதறியபோது ஹெம்லக் மரத்தின் ஊசியிலைகளும் ஒரு பிடி பாசியும் விழுந்தன. அப்பாசி அப்போதும் பச்சையாகவே இருந்தது.